காணாமல் போன 5, கூடிப்போன சைபர்: பிழை யாருடையது?

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் இரண்டு பிரதிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று, 1949 ஜூனில் வந்த முதல் பதிப்பு. மற்றது, 1950களிலிருந்து 1980களின் பிற்பகுதி வரை இங்கிலாந்தில் விற்ற பேப்பர்பேக்குகளில் ஒன்று. இரண்டிலும் கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள். வின்ஸ்டன் ஸ்மித் செஸ்ட்நட் ட்ரீ கஃபேயில் ஜின் குடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஏற்கவைக்க ஆளும் கட்சி செய்த சித்திரவதையெல்லாம் முடிந்து, வெறும் கூடாக வெளியே விடப்பட்டவன். மேசையில் படிந்திருக்கும் தூசியில் தன்னையறியாமல் விரலால் எதையோ எழுதுகிறான். முதல் பிரதியில் அது 2+2=5. இரண்டாவதில் 2+2= என்பதோடு நின்றுவிடுகிறது. சமக்குறிக்கு அப்பால் வெறும் தாள்.

அந்த வெற்றிடத்தோடு ‘1984’ஐப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே உண்டு. அவர்களுக்கு நாவலின் முடிவே வேறு. கட்சி எவ்வளவு அடித்தும் அவன் விரல் 5 போட மறுக்கிறது, உள்ளே எங்கோ ஒரு துளி வின்ஸ்டன் மிச்சமிருக்கிறான் என்று அதைப் படிக்கலாம். இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்ல முடிவதுதான் சுதந்திரம் என்று நாட்குறிப்பில் எழுதியவன் அவன்தானே? அப்படிப்பட்டவன் 4க்கும் 5க்கும் நடுவே விரலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால், அதைவிட நல்ல முடிவை யாரால் எழுத முடியும்?

எதிர்க்கட்சியின் வாதம் ரொம்பச் சப்பென்று இருக்கும்: 5 கழன்று போய்விட்டது.

ஈய எழுத்துக் காலத்து அச்சகத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஃபாரம், அதாவது கோர்த்த எழுத்துகளை அடைத்த சட்டம், முடுக்கும்போது ஒரு வரி சரியாக இறுகாவிட்டால், ஓரத்து எழுத்து மெல்லத் தளர்ந்து மேலே கிளம்பும். மை உருளை அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். சமன்பாட்டின் கடைசியில் தனியாக நின்ற எழுத்து இந்த 5.

இரண்டில் எது? மனசு முதல் பக்கம் சாய்ந்தாலும் சாட்சிகள் எல்லாம் இரண்டாவது பக்கம்தான். முதல் பதிப்பில் 5 இருக்கிறது. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த பதிப்பிலும் இருக்கிறது. ஆர்வெல் 1950 ஜனவரி 21இல் இறந்துவிட்டார். பிறகு வந்த மறு அச்சில் வந்து 5ஐ எடுத்துவிட அவர் இல்லை. இதைவிடப் பெரிய சாட்சி கதைக்குள்ளேயே இருக்கிறது. தூசியில் எழுதியதற்கு அடுத்தபடியாக அவன் காதலி ஜூலியா ஒருகாலத்தில் சொன்னது அவனுக்கு நினைவு வருகிறது: அவர்களால் உனக்குள் நுழைய முடியாது. உடனே அடுத்த வாக்கியம், அவர்களால் முடியும் என்கிறது. விரல் 5 எழுதினால்தான் இந்த ‘முடியும்’ அங்கே பொருந்தும். வெற்றிடம் விட்டிருந்தால் நுழைய முடியவில்லை என்றல்லவா ஆகியிருக்கும்? பீட்டர் டேவிசன் ஆர்வெல்லின் நூல்களை முழுத் தொகுப்பாகப் பதிப்பித்தபோது, 1987இல் 5 தன் இடத்துக்குத் திரும்பியது.

ஆர்வெல் நம்பிக்கைக்கு ஒரு சந்து வைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நாவலின் பின்னிணைப்பாக வரும், கட்சி உருவாக்கிய நியூஸ்பீக் மொழி பற்றிய கட்டுரை முழுக்க இறந்தகாலத்தில் எழுதப்பட்டது. அந்த ஆட்சியே முடிந்துபோன ஒரு காலத்திலிருந்து யாரோ எழுதுவதுபோல. அமெரிக்காவின் புக் ஆஃப் த மன்த் கிளப் அந்தப் பின்னிணைப்பை வெட்டச் சொன்னபோது அவர் மறுத்தார். சந்தைத் தேடுகிறவர்கள் அங்கே தேடலாம். கழன்று விழுந்த ஈயத்தில் தேட வேண்டியதில்லை.

ஓலைச்சுவடி பதிப்பித்தவர்கள் பாடபேதம் என்று தனியாகக் குறித்துவைத்தார்களே, அதே வேலைதான் இதுவும். ஏடு மட்டும் மாறியிருக்கிறது. அறிவியல் புனைகதையில் இந்த வேலை கூடுதல் சிக்கலானது. இல்லாத உலகம், இல்லாத ஆண்டு, இல்லாத இயந்திரம். ‘சென்னை’ என்பது ‘சொன்னை’ என்று அச்சானால் யாருக்கும் தெரிந்துவிடும். பன்னிரண்டாயிரம் ஆண்டு கழித்து வரும் ஒரு கிரகத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் யாருக்குத் தெரியும்? சந்தேகம் வந்தாலும் குற்றவாளிக் கூண்டில் ஒரே நேரத்தில் மூன்று பேர் நிற்பார்கள்: அச்சுக் கோர்த்தவர், எழுதியவர், வேண்டுமென்றே செய்த எழுதியவர். மொழிபெயர்ப்பு என்றால் நான்காவதாக ஒருவர்.

அறுபத்தேழா, எழுபத்தாறா?

டக்ளஸ் ஆடம்ஸின் ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’ 1978இல் பிபிசி வானொலி நாடகமாகத் தொடங்கி 1979இல் நாவலானது. விண்வெளியில் தூக்கி எறியப்பட்டவர் நுரையீரல் நிறையக் காற்றோடு முப்பது விநாடி தாக்குப்பிடிக்கலாம்; அதற்குள் ஒரு கப்பல் வந்து காப்பாற்ற எவ்வளவு வாய்ப்பு என்று கதைக்குள் வரும் அந்தப் பெயருள்ள கையேடு ஒரு கணக்குச் சொல்கிறது. 2ஐ இத்தனாவது அடுக்குக்கு உயர்த்தினால் வரும் எண்ணுக்கு ஒன்று. அந்த அடுக்கு சில பதிப்புகளில் 267,709. வேறு சிலவற்றில் 276,709.

கதைக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டுமே நடக்காது என்பதற்குப் போட்ட எண்கள். ஆனால் இதில் எது ஆடம்ஸ் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியும், அதுதான் வேடிக்கை. அடுத்த வரியிலேயே சாவி இருக்கிறது. ஆச்சரியமான தற்செயலாக, அந்த எண் லண்டனில் இஸ்லிங்டன் பகுதி வீடு ஒன்றின் தொலைபேசி எண்ணும்கூட என்கிறார். அன்றைய லண்டன் எண்கள் ஏழு இலக்கம். 267709 ஆறுதான் வருகிறது. அடுக்கின் கீழே நிற்கும் 2ஐயும் முன்னால் சேர்த்துக்கொண்டால் 226 7709. லண்டன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு முன்பு எழுத்துப் பெயர் இருந்தது. 226 என்பது கேனன்பரி எக்ஸ்சேஞ்சின் முதல் மூன்று எழுத்துகள் (C, A, N) டயலில் விழும் இடம். கேனன்பரி இருப்பது இஸ்லிங்டனில். வானொலி வடிவத்தில் அடுக்கு வேறு, 260,199. அதையும் இதேபோல் சேர்த்தால் 226 0199. மறுபடி 226.

ஆக 267,709தான் அசல். 276,709 இடம் மாறிப்போனது. இதை அச்சுக் கோர்த்தவர் தலையில் கட்டிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் ஒரு சிக்கல். நாவலில் இந்த எண் இலக்கமாக இல்லை, சொற்களாக இருக்கிறது. இரண்டு இலக்கம் கைதவறி இடம் மாறுவது ஒன்று. ‘அறுபத்தேழு’ என்று எழுதியிருப்பதை ‘எழுபத்தாறு’ என்று கோர்ப்பது வேறு. பின்னது விரல் செய்யும் தப்பில்லை, வரியைப் படித்து மனசில் வாங்கிக்கொண்டு திரும்ப அடிக்கும்போது வரும் தப்பு. அது அச்சகத்தில் நடந்ததோ, தட்டச்சில் நடந்ததோ, பதிப்பாசிரியர் மேசையில் நடந்ததோ, ஒரு மனிதத் தலைக்குள் நடந்தது என்பதுவரை சொல்லலாம். கடையில் கணக்குச் சொல்லும்போது நம்மில் எத்தனை பேர் அறுபத்தேழையும் எழுபத்தாறையும் மாற்றிச் சொல்லியிருக்கிறோம்.

அதே ஆடம்ஸ் விஷயத்தில் நேரெதிரான கூத்தும் உண்டு. வாழ்க்கைக்கும் பிரபஞ்சத்துக்கும் விடை 42; அடுத்த நாவலில் அதன் கேள்வி ‘ஆறையும் ஒன்பதையும் பெருக்கினால் என்ன?’ என்று வந்து நிற்கிறது. ஆறொன்பது ஐம்பத்து நான்கு. வாசகர்கள் சும்மா விடவில்லை. பதின்மூன்றை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் 54ஐ எழுதினால் 42 வரும், ஆகவே இது மறைபொருள் என்று கண்டுபிடித்தார்கள். தான் பதின்மூன்று அடிமானத்தில் நகைச்சுவை எழுதும் ஆள் இல்லை என்று ஆடம்ஸே சொல்லவேண்டியதாயிற்று. தப்பாகப் பெருக்குவதுதான் ஜோக்.

நாட்டிலஸ் எவ்வளவு எடை?

இப்போது நிஜமான விருந்து. ஜூல் வெர்னின் ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ 1869-70இல் பிரெஞ்சில் தொடராக வந்தது. அதில் கேப்டன் நெமோ தன் நீர்மூழ்கியான நாட்டிலஸின் அளவுகளைப் பேராசிரியர் அரோனாக்ஸுக்கு விளக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. பெரும்பாலான வாசகர்கள் தாண்டிப்போகும் பக்கங்கள். நீளம் 70 மீட்டர், அகலம் 8 மீட்டர், பரப்பு 1011.45 சதுர மீட்டர் என்று எண் எண்ணாக அடுக்குவார். என்னைப் போன்றவர்களுக்கு நாவலிலேயே சுவையான இடம் இதுதான்.

உடற்சுவர் எஃகுத் தகட்டால் ஆனது, அதன் அடர்த்தி தண்ணீரைப்போல இத்தனை மடங்கு என்று ஒரு வரி வருகிறது. பிரெஞ்சு மூலத்தில் அது சொல்லில் எழுதப்பட்டிருக்கிறது: ‘செத், ஊயி திசியெம்’. அதாவது ஏழு, ஒரு காற்புள்ளி, பத்தில் எட்டு. நாம் ஏழு புள்ளி எட்டு என்போமே, அது. பிரெஞ்சுக்காரர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான். எஃகின் அடர்த்தி 7.8 என்பது எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கும்.

1872 வாக்கில் இதை ஆங்கிலமாக்கிய லூயிஸ் மெர்சியர் என்ன எழுதினார் தெரியுமா? அடர்த்தி .07 முதல் .08 வரை. தக்கையே தண்ணீரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அடர்த்தி. தக்கையைவிட லேசான எஃகு!

இங்கே கூண்டில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம். வெர்ன்மீது குற்றமில்லை, அவர் சொன்ன எண் சரி. ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு குழி இருக்கிறது. காற்புள்ளியைத் தசமக்குறியாக எடுக்காமல், நாம் ‘ஏழெட்டுப் பேர் வந்தார்கள்’ என்கிற மாதிரி ‘ஏழு, எட்டு’ என்று படித்தால், ‘பத்தில் ஏழெட்டு’ என்று ஆகிவிடும். .7 முதல் .8 வரை. மொழிபெயர்ப்பாளர் விழுந்த குழி அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ‘முதல், வரை’ என்ற சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. எஃகு தண்ணீரில் மிதக்காது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் நின்றிருப்பார். யோசிக்கவில்லை.

ஆனால் அந்தக் குழி .7 வரைதான் கொண்டுபோகும். .07க்கு இன்னொரு சைபர் வேண்டும். அது எங்கிருந்து வந்தது? மெர்சியரே பத்தில் என்பதை நூறில் என்று எடுத்திருக்கலாம். அச்சுக் கோர்த்தவர் சேர்த்திருக்கலாம். இரண்டு எண்ணிலும் ஒரே மாதிரி சைபர் கூடியிருப்பதால் கை தவறியது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒரே தவறை விரல் இரண்டு முறை செய்வது அபூர்வம். ஆகவே இரண்டு பிழையும் மொழிபெயர்ப்பாளருடையதே என்பது என் கட்சி. இதே ஆள்தான் அமெரிக்க நெப்ராஸ்காவின் ‘பேட்லாண்ட்ஸ்’ என்ற நிலப்பகுதியை ‘விரும்பத்தகாத பிரதேசம்’ என்று பெயர்த்தவர். ஏறக்குறைய நூறாண்டு ஆங்கில உலகம் இவர் வழியாகத்தான் வெர்னைப் படித்தது. வெர்னுக்கு அறிவியல் தெரியாது என்ற பேச்சு அங்கே பரவியதில் இவர் பங்கு சின்னதில்லை. 1960களில் இன்னொரு மொழிபெயர்ப்பாளரான வால்டர் ஜேம்ஸ் மில்லர் மூலத்தோடு வைத்துச் சரிபார்த்தபோதுதான் பழி யாருக்குப் போகவேண்டும் என்று தெரிந்தது.

7.8 என்பதற்கு நாவலுக்குள்ளேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. சுவரின் தடிமன் 5 சென்டிமீட்டர், எடை 394.96 டன் என்கிறார் நெமோ. பரப்பு 1011.45ஐ 0.05ஆல் பெருக்கினால் 50.57 கன மீட்டர் எஃகு. அதை 7.8ஆல் பெருக்கினால் 394.5 டன். வெர்ன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்! மெர்சியரின் அடர்த்தியை நம்பினால் மொத்தச் சுவரும் நாலு டன் தேறும்.

இப்படிக் கணக்குப் போட்டே எழுதியவர் என்று தெரிந்தபிறகுதான் இன்னொரு இடம் உறுத்துகிறது. இது மொழிபெயர்ப்பில் இல்லை, பிரெஞ்சு மூலத்திலேயே இருப்பது. கப்பலின் கன அளவு 1500.2 கன மீட்டர் என்கிறார் நெமோ. முழுக்க மூழ்கினால் 1500 டன் தண்ணீரை விலக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். மேற்பரப்பில் மிதக்கும்போது பத்தில் ஒன்பது பங்கு மட்டும் மூழ்கியிருக்க வேண்டும், அதற்கான எடை 1356.48 டன். மீதிப் பத்தில் ஒரு பங்குக்கு நீர்த்தொட்டிகள், கொள்ளளவு 150.72 டன். பென்சில் எடுங்கள். 1500.2இல் பத்தில் ஒன்று 150.02. ஆனால் அவர் சொல்வது 150.72. பத்தில் ஒன்பது 1350.18. அவர் சொல்வது 1356.48.

இரண்டு எண்ணையும் கூட்டிப் பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். 1356.48ம் 150.72ம் சேர்ந்தால் 1507.20. அதன் பத்தில் ஒன்பது சுத்தமாக 1356.48, பத்தில் ஒன்று சுத்தமாக 150.72. ஆக வெர்னின் கணக்குத் தாளில் இருந்தது 1507.2. பிரெஞ்சில் இதுவும் சொல்லில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நடுவே ‘ஏழு’ என்ற ஒரே ஒரு சொல் விழுந்துபோனால் ஆயிரத்து ஐந்நூற்றேழு, ஆயிரத்து ஐந்நூறாகிவிடும்.

நெமோ வாய்ப்பேச்சில் முழு எண்ணாக்கிச் சொன்னார் என்று வாதாடலாம். அடுத்து அவர் 1500 டன் என்று முழுசாகச் சொல்வது அந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம். ஆனால் ஏழை விட்டுவிட்டு, அதன் வாலில் இருக்கும் பத்தில் இரண்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளும் மனிதர் எப்படிப்பட்டவர்? ஆயிரத்து ஐந்நூற்றேழு ரூபாய் இருபது காசை ‘ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இருபது காசு’ என்று யாராவது சொல்வார்களா? எனக்கு இது விழுந்துபோன சொல்தான். விழுந்தது கையெழுத்துப் பிரதியைப் படியெடுத்தபோதா, அச்சிலா என்பதை மட்டும் இந்தக் கூட்டல் காட்டாது. ஆங்கிலத்தில் எஃப். பி. வால்டர் செய்த பின்னாளைய மொழிபெயர்ப்பில் 1507.2 என்றே திருத்தப்பட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் குலத்துக்கு ஒரு பிராயச்சித்தம்.

எண் பொருந்தாத இடமெல்லாம் அச்சுப்பிழை ஆகிவிடாது என்பதற்கும் வெர்னிடமே உதாரணம் இருக்கிறது. நெமோ யார் என்ற ரகசியம் ‘மர்மத் தீவு’ நாவலில்தான் உடைகிறது: புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார், திப்பு சுல்தானின் உடன்பிறந்தாரின் மகன். அதில் 1865 மார்ச்சில் பலூனில் தப்பித் தீவில் விழுந்தவர்களுக்கு, நெமோவைப் பற்றிய அரோனாக்ஸின் புத்தகம் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அந்தப் புத்தகத்தின் கதை நடப்பதோ 1866இலிருந்து 1868 வரை. ஓர் இலக்கத்தை மாற்றிச் சரிசெய்யக்கூடிய கோளாறு இல்லை இது. பதிப்பாளர் அடிக்குறிப்பில் சில தேதிகள் ஒத்துப்போகவில்லை என்று கைதூக்கிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அச்சகத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை

லாரி நிவெனின் ‘ரிங்வேர்ல்ட்’ 1970இல் வந்தது. முதல் அச்சில் லூயிஸ் வூ தன் இருநூறாவது பிறந்தநாளை நீட்டிக்க, நள்ளிரவை முந்திக்கொண்டு ஊர் ஊராகக் கிழக்கே தாவுகிறான். கிழக்கே போனால் நாள் சுருங்கும், நீளாது. ‘மேற்கு’ என்று எழுதியது ‘கிழக்கு’ என்று அச்சாகிவிட்டதோ என்று கேட்கலாம். ஒரு சொல் என்றால் சரி, போகிற ஊர்களின் வரிசையே தலைகீழாக இருந்தால்? ஆசிரியரின் தப்பு. அடுத்த அச்சில் திருத்திவிட்டார். பூமி தப்புத்திசையில் சுற்றும் அந்த முதல் அச்சைச் சேகரிப்பாளர்கள் இப்போது தேடி அலைகிறார்கள்.

இதற்கு நேர் எதிர், ஆல்ஃபிரட் பெஸ்டரின் ‘த டெமாலிஷ்ட் மேன்’. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுகளில் நாவலுக்கான முதல் விருதை 1953இல் வாங்கிய புத்தகம். அதில் பாத்திரங்களின் பெயர்கள் @கின்ஸ், விக்&, ¼மெய்ன் என்று வரும். தட்டச்சுப்பொறியில் பூனை நடந்துவிட்டதோ என்று தோன்றும். எல்லாம் வேண்டுமென்றே செய்தது. குறியைச் சத்தமாகப் படித்தால் பெயர் வந்துவிடும்: @ஐ ‘அட்’ என்று படித்தால் அட்கின்ஸ்.

டேனியல் கீஸின் ‘ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’ இன்னும் விசித்திரம். அறிவை வளர்க்கும் அறுவைசிகிச்சைக்கு முன்னால், மனவளர்ச்சி குன்றிய சார்லி எழுதும் குறிப்புகளில் எழுத்துப்பிழைகள் மண்டிக்கிடக்கும். அறிவு வளர வளரப் பிழை குறையும், அறிவு மங்கும்போது திரும்பும். நடுப்பகுதியில் நிஜமாகவே ஓர் அச்சுப்பிழை புகுந்துவிட்டால் வாசகருக்கு நெஞ்சு பதறும், ஐயோ ஆரம்பித்துவிட்டதே என்று. அந்தப் புத்தகத்துக்கு மெய்ப்பு பார்த்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஹாலுக்கு வயது என்ன?

1968இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படமாகவும் நாவலாகவும் வந்தது. படத்தில் விண்கலத்தை இயக்கும் ஹால் என்ற கணினி சாகும் நேரத்தில், தான் இலினாய் மாநிலம் அர்பானாவில் 1992 ஜனவரி 12இல் இயங்கத் தொடங்கியதாகச் சொல்கிறது. ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலில் அதே ஊர், அதே ஜனவரி 12, ஆனால் ஆண்டு 1997.

கையெழுத்தில் 2ம் 7ம் குழம்புவது சகஜம் என்பதால் அச்சுப்பிழைக் கட்சிக்கு இங்கே முதலில் கொஞ்சம் ஆள் சேரும். நான் அதில் சேரவில்லை. நாவலும் படமும் எத்தனையோ இடத்தில் பிரிகின்றன. நாவலில் கப்பல் சனிக்கோளுக்குப் போகிறது, படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. நம்பும்படியான சனி வளையங்களைப் படக்குழுவால் செய்ய முடியாமல் போனதுதான் காரணம். அதோடு ஒப்பிட்டால் ஐந்து ஆண்டு எம்மாத்திரம். 2001இல் கிளம்பும் கப்பலுக்கு ஒன்பது வயதுக் கணினியா, நாலு வயதுக் கணினியா என்றால் பொறியாளர் மனசு 1997ஐத்தான் எடுக்கும். திரையில் பாட்டுப் பாடிக்கொண்டே அணைந்துபோகும் குரலுக்கு ஒன்பது வயது பொருத்தம். ஒன்பது வயதுக் குழந்தை சாகிறது. இரண்டும் அதனதன் இடத்தில் சரி. ஒன்றைத் திருத்தி மற்றதாக்க வேண்டிய அவசியமே இல்லை. இலினாய் பல்கலைக்கழகம் நாவல் கட்சி; ஹாலின் பிறந்தநாள் விழாவை 1997இல்தான் எடுத்தது.

செல்டனின் நடப்பு வயது

கடைசியாக, என்னை ரொம்ப நாள் படுத்திய ஒன்று. ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ 1951இல் நூலானது. அதன் வாசலிலேயே ‘என்சைக்ளோபீடியா கேலக்டிகா’ என்ற கற்பனைக் கலைக்களஞ்சியத்திலிருந்து, கதையின் கணித மேதையைப் பற்றி ஒரு பதிவு: ஹரி செல்டன், கேலக்டிக் சகாப்தம் 11,988இல் பிறந்து 12,069இல் இறந்தார். இன்றைய ஃபவுண்டேஷன் சகாப்தக் கணக்கில் அது -79 முதல் 1 வரை.

முதல் கணக்கில் வயது 81. இரண்டாவதில்? 12,069தான் ஆண்டு 1 என்றால், அதற்கு முந்தியது ஆண்டு 0. அப்படியே பின்னால் போனால் 11,988 என்பது -80. கிறிஸ்து சகாப்தம்போல 0 என்ற ஆண்டே இல்லை என்று வைத்துக்கொண்டால் -81. எந்த வழியில் போனாலும் -79 வரவே வராது.

அச்சுக் கோர்த்தவர்மேல் பழி போடலாமா? 81 என்பது 79 ஆக இரண்டு இலக்கமும் கெட வேண்டும். 80 என்பது 79 ஆகவும் அப்படியே. கை தவறினால் ஓர் இலக்கம் கெடும், இடம் மாறும், விழும். இரண்டும் கெட்டு, அதுவும் ஒன்றே ஒன்று குறைவாக வந்து நிற்காது. சரி, 11,989 என்பதுதான் கடைசி இலக்கம் கெட்டு 11,988 ஆனதோ? ஆண்டு 0 உண்டு என்றால் அது கச்சிதமாகப் பொருந்தும்! நானும் சிலகாலம் இந்தக் கட்சியில் இருந்தேன். கெடுத்தது அசிமோவே. 1988இல் அவர் எழுதிய முன்கதையான ‘ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன்’ 12,020இல் நடக்கிறது, செல்டனுக்கு அப்போது 32. பிறப்பு 11,988தான் என்று ஆசிரியரே உறுதி செய்துவிட்டார். அவர் கடைசியாக எழுதிய தொடர்ச்சியிலும் செல்டன் 81 வயதில்தான் இறக்கிறார்.

வேண்டுமென்றே செய்தாரா? ஆயிரமாண்டுக்குப் பிந்திய கலைக்களஞ்சியத்தில் பிழை வைப்பது நல்ல குறும்புதான். ஆனால் அப்படி ஒரு குறும்பை வைத்தவர் அதைக் கதையில் வேறெங்காவது சுட்டிக்காட்டாமல் இருப்பாரா? அதிலும் அசிமோவ், தன் சாமர்த்தியத்தை மறைத்து வைக்கும் ரகம் இல்லை.

என் ஊகம் வேறு. நம் வீடுகளில் வயது கேட்டால் ‘முடிஞ்சது எண்பது, நடப்பு எண்பத்தொண்ணு’ என்பார்கள். -79இலிருந்து 1 வரை, நடுவில் 0வையும் சேர்த்து, விரல்விட்டு எண்ணுங்கள். சரியாக 81 ஆண்டுகள். அசிமோவ் செல்டனுக்கு 81 என்று முடிவு செய்துவிட்டு, ஒரு சகாப்தத்தில் கழித்துப் பார்த்திருக்கிறார், மற்றதில் எண்ணிப் பார்த்திருக்கிறார். கழித்தால் முடிந்த வயது வரும்; எண்ணினால் நடப்பு வயது வரும். இரண்டும் 81 என்றே வந்ததால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்த அச்சுகளிலும் அந்த -79 அப்படியே இருக்கிறது.